‘மாக்3 ஃபுல் லைசன்ஸ்’ சேர்த்து விற்கும் சிஎன்சி மெசின்: காசு கட்ட முதல் வாசியுங்கள்

ஏ9 வீதியோரத்தில் ஒரு மரப் பட்டறைக்கு நடந்தது இது. கடையின் பெயர் வேண்டாம். இதே மாதிரி விற்கிற ஆட்கள் வேறும் இருக்கிறார்கள்.

விளம்பரத்தில் சிஎன்சி மெசின் (கொம்பியூட்டர் கட்டளைப்படி தானாக மரம் வெட்டுவது), கொம்பியூட்டர், அதை ஓட்டும் மென்பொருளான மாக்3இன் ஃபுல் லைசன்ஸ் எல்லாம் செற்றாக என்று போட்டிருந்தது. கடையில் ஓட்டியும் காட்டினார்கள். அக்ரிலிக் துண்டு ஒன்றில் நாலெழுத்துப் பெயர், சுத்தமாக வெட்டியது. பட்டறைக்குக் கொண்டுவந்து முதிரைப் பலகையில் கதவுக்கான பூவேலையை ஓட்டினால், தொடங்கிக் கொஞ்சத்திலேயே நின்றுவிட்டது. திரும்ப ஓட்டினாலும் அதே இடம். கடைக்குப் போன் எடுத்தால், “அண்ணை, அது உங்கட டிசைன் பிழை” என்று பதில்.

டிசைனில் ஒரு பிழையும் இல்லை. லைசன்ஸ் போடாத மாக்3, 500 வரி ஜி-கோடுக்கு (மெசினுக்கான கட்டளை வரிகள்) மேல் ஓட்டாது. சின்னப் பெயர் ஒன்று அந்த 500 வரிக்குள் அடங்கிவிடும். புடைப்புப் பூவேலைக்குப் பல்லாயிரம் வரி வேண்டும். கடைக்காரர் எதை வெட்டிக் காட்டுவது என்று தெரிந்தேதான் தெரிவு செய்திருக்கிறார்.

ஆகவே கடைக்குப் போகும்போது சொந்த வேலையின் கோப்பை பென் டிரைவில் கொண்டுபோங்கள், 500 வரியைத் தாண்டியதாக. கட்டரைக் கழற்றிவிட்டு, பலகைக்கு மேலே காற்றில் முழுதாக ஓட்டச் சொல்லுங்கள். தொடங்க முதல் மேசையில் பென்சில் கோடு போட்டு வையுங்கள். முடிந்து பூச்சியத்துக்குத் திரும்பும்போது அந்தக் கோட்டில் வந்து நிற்காவிட்டால் மோட்டர் ஸ்டெப் (அது நகரும் சின்னச் சின்ன அடிகள்) தவறுகிறது. பிறகு ஹெல்ப் மெனுவில் அபௌட் பகுதியைத் திறந்தால் லைசன்ஸ் யாருடைய பெயரில் என்று காட்டும். அங்கே உங்கள் பெயர் இருக்க வேண்டும். முறையான லைசன்ஸ் 175 டொலர். அந்தக் காசு பில்லில் தனியாக இல்லையென்றால் லைசன்ஸும் இல்லை என்றே எடுங்கள்.

இந்தப் பட்டறைக்குக் கடைக்காரர் பிறகு கொடுத்தது யாரோ ஒரு வெளிநாட்டுப் பெயரில் உள்ள லைசன்ஸ் கோப்பு. போடும்போது அன்ரிவைரஸை நிறுத்தச் சொன்னார்களாம். அந்தச் சொல்லைக் கேட்டதுமே வேலையை நிறுத்த வேண்டும். கள்ளப் பிரதியில் ஓட்டும்போது மெசின் இடம் தப்பினால் பிழை வயரிலா, டிரைவரிலா (மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி), மென்பொருளிலா என்று பிரித்தறிய வழியில்லை. உதவி கேட்கவும் இடமில்லை.

அடுத்த ஏமாற்று கொம்பியூட்டரில். கொடுத்தது விண்டோஸ் 10, 64 பிட். மாக்3 பரலல் போர்ட் (பழைய பிரிண்டர் சொருகும் இடம்) வழியாக ஓட 32 பிட் விண்டோஸ் வேண்டும். அந்த வழியும் விண்டோஸ் 7 உடனேயே முடிந்தது. இதைக் கேட்டதும் இன்னொரு விலை வைத்து, மலிவான நீல யூஎஸ்பி கார்ட் ஒன்றைத் தலையில் கட்டினார்கள். அந்தக் கார்ட் தனக்குரிய பிளகினோடு (கூடச் சேர்க்கும் துணை மென்பொருள்) மாக்3இல் மட்டும்தான் வேலை செய்யும். லினக்ஸ்சிஎன்சி, மாக்4 போன்ற வேறு மென்பொருளுக்கு மாறினால் குப்பைதான்.

இப்படி அகப்பட்டவர்கள் மெசினை விற்க ஓட வேண்டாம். மெசினின் சட்டகம், மோட்டர், டிரைவர் எல்லாம் பாவிக்கலாம். டிரைவருக்கு ஸ்டெப் (நகர்), டைரக்ஷன் (எந்தப் பக்கம்) சமிக்ஞை எங்கிருந்து வந்தாலும் சரி. கார்டை மட்டும் மாற்றுங்கள். மூன்று அச்சுக்கு (எக்ஸ், வை, இசட் என்ற மூன்று திசை நகர்வு) ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையும் அதில் ஓடும் ஜிஆர்பிஎல் 1.1 மென்பொருளும் தாராளம், இரண்டுக்கும் லைசன்ஸ் தொல்லை இல்லை. ஸ்டெப் வயர்கள் ஊனோவின் 2, 3, 4ஆம் இலக்கப் பின்களிலும் (pin), டைரக்ஷன் 5, 6, 7இலும் வரும். டிரைவரின் மைனஸ் முனைகளை ஊனோவின் கிரவுண்டில் சேருங்கள்.

மில்லிமீற்றருக்கு எத்தனை ஸ்டெப் என்பதை ஜிஆர்பிஎல்லில் $100, $101, $102 என்ற செற்றிங்குகளில் போட வேண்டும். சுற்றுக்கு 200 ஸ்டெப் மோட்டர், டிரைவரில் 8 மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை எட்டாகப் பிரிப்பது), சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் போல்-ஸ்க்ரூ (ball screw) என்றால் 200 × 8 ÷ 5 = 320. ஜிஆர்பிஎல் செக்கனுக்கு 30,000 ஸ்டெப் வரை தரும், அதாவது நிமிடத்துக்கு 5,625 மி.மீ.; மரவேலைக்கு இது மிச்சம். 100 மி.மீ. நகரச் சொல்லி வேர்னியரால் அளந்து பாருங்கள். 50 அல்லது 200 நகர்ந்தால் டிரைவரின் சின்ன சுவிட்சுகள் பிழை. 99 சொச்சம் வந்தால் கணக்கில் கை வைக்காமல் முதலில் மோட்டரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்லிங்கின் ஆணி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மாக்3க்கு எடுத்த கோப்பை அப்படியே போட்டால் பிழை 20 என்று நிற்கும். ஜிஆர்பிஎல்லுக்கு எம்6 (கட்டர் மாற்று), ஜி81 (துளை போடு) என்ற கட்டளைகள் தெரியாது. டிசைன் மென்பொருளில் ஜிஆர்பிஎல்லுக்கான போஸ்ட் புரொசெசரை (டிசைனை ஜி-கோடாக எழுதும் பகுதி) தெரிவு செய்து திரும்ப எடுக்க வேண்டும்.

பரலல் போர்ட் உள்ள பழைய கந்தோர் கொம்பியூட்டர் கையில் இருந்தால் லினக்ஸ்சிஎன்சியை யூஎஸ்பியிலிருந்து, இன்ஸ்டோல் செய்யாமலே ஓட்டிப் பார்க்கலாம். அதில் லேற்றன்சி டெஸ்டை (கொம்பியூட்டர் எவ்வளவு தாமதிக்கிறது என்ற சோதனை) திறந்து, கூடவே வீடியோவும் போட்டு, விண்டோக்களை இழுத்து நன்றாக அலைக்கழியுங்கள். 20 மைக்ரோசெக்கனுக்குக் கீழே நின்றால் நல்ல கொம்பியூட்டர். 100ஐத் தாண்டினால் அதை பில் அடிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போனால் எந்த மென்பொருளும் நின்ற இடத்தை நம்பகமாக ஞாபகம் வைத்திராது. யூபிஎஸ் போடுகிறவர்கள் கொம்பியூட்டருக்கு மட்டும் போட்டுப் பிரயோசனமில்லை. டிரைவருக்கும் ஸ்பிண்டிலுக்கும் (கட்டரைச் சுழற்றும் மோட்டர்) கரண்ட் இல்லாவிட்டால் மென்பொருள் ஓடிக்கொண்டே இருக்கும், மெசின் நகராது, பலகை வீண்.