டைமண்ட் கோட்டிங் என்று டிஎல்சி கட்டரைத் தலையில் கட்டினார்கள்: ஃபைபர்கிளாஸ் வெட்டுபவர்கள் கவனிக்கவும்

சிங்கப்பூரில் துவாஸ், ஜூ கூன், சுங்கை காடுட் பக்கம் சின்ன மெஷின் ஷாப்பில் வேலை செய்கிற நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் ஜி10 சீட்டில் (கண்ணாடி இழையை ரெசினில் அடுக்கிச் செய்த ஃபைபர்கிளாஸ் தகடு) மின்காப்புத் தகடுகள் வெட்டுகிறோம். கண்ணாடி இழை கட்டரை எப்படித் தின்னும் என்று இந்த வேலை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எச்எஸ்எஸ் (ஹைஸ்பீடு ஸ்டீல்) கட்டர் போட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழுங்கும். அதைவிடக் கடினமான கார்பைடு கட்டரும் அதிக நாள் தாங்காது, கண்ணாடித் தூள் உரசி உரசி வெட்டுமுனை உருண்டுவிடும், அப்புறம் இழை அறுபடாமல் ஓரமெல்லாம் பிசிறாக நிற்கும், அடுக்கு பிரியும், ரெசின் கருகி நாறும். தகடு சூட்டைக் கடத்தாது என்பதால் வருகிற சூடு பெரும்பாலும் கட்டரில்தான் ஏறும்.

இந்த நிலையில் ஒரு டூல் சப்ளையர் வந்து, "அண்ணே, டைமண்ட் கோட்டிங், சாதாரண கார்பைடைவிடப் பத்து மடங்கு ஓடும்" என்றார். விலை நாலு மடங்கு. கொட்டேஷனிலும் டைமண்ட் என்றே இருந்ததால் வாங்கினோம். ஓட்டினால் பழைய கட்டரைவிடக் கொஞ்சம்தான் கூட ஓடியது. கேட்டதற்கு எங்கள் ஸ்பீடு (கட்டர் சுழலும் வேகம்), ஃபீடு (அது நகரும் வேகம்) தப்பு என்றார், அவரே எழுதிக் கொடுத்த ஸ்பீடு, ஃபீடு அது! அடுத்து, மழுங்கினதைக் கொடுங்கள், ரீகிரைண்ட் செய்தால் புதுசு மாதிரி ஓடும் என்றார். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. தீட்டினால் வெட்டுமுனையில் இருக்கிற பூச்சு போய்விடும், திரும்பப் பூச்சு ஏற்றாமல் அது எப்படிப் புதுசு மாதிரி ஓடும்?

தெரிந்தவர் ஷாப்பில் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தோம். சிவிடி டைமண்ட் பூச்சு (வாயுவிலிருந்து படிய வைக்கிற உண்மையான டைமண்ட்) பொதுவாக மங்கலான சாம்பல் நிறத்தில் இருக்கும், பெரிதாக்கினால் பொடிப்பொடியாகப் படிகம் தெரியும். எங்களுடையது கறுப்பாக, வழவழவென்று மின்னியது. நேரடியாகக் கேட்டபோது "டிஎல்சிதான், அதுவும் டைமண்ட் வகைதானே" என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. டிஎல்சி என்றால் டைமண்ட் மாதிரியான கார்பன் பூச்சு, உண்மையான டைமண்ட் இல்லை. அது கெட்ட பூச்சு இல்லை, அலுமினியத்துக்கு அருமையாக இருக்கும். ஆனால் அது மிக மெல்லியது, கண்ணாடி இழைக்கு முன்னால் நிற்காது. டைமண்ட் விலைக்கு அதை விற்றது பச்சை ஏமாற்று.

இன்வாய்ஸை எடுத்துப் பார்த்தால் வெறும் "கோட்டட் கார்பைடு எண்ட் மில்" என்று போட்டிருக்கிறார்கள், அதைக் காட்டியே பணம் திருப்பித் தர முடியாது என்கிறார்கள். ஆகவே பூச்சின் முழுப் பெயர், எத்தனை மைக்ரான் தடிமன் என்ற இரண்டும் கொட்டேஷனில் மட்டுமில்லாமல் இன்வாய்ஸிலும் இருந்தால்தான் பணம் கட்டுங்கள். முதலில் ஒன்றே ஒன்று வாங்கி உங்கள் சீட்டிலேயே ஓட்டிப் பாருங்கள்.

கம்பெனி பெயரில் வாங்கியதால் பயனீட்டாளர் சட்டம் நமக்கு உதவாது. ஸ்மால் கிளெய்ம்ஸ் ட்ரிப்யூனலுக்கு (சின்னத் தொகை வழக்குகளுக்கான மன்றம்) போகலாம், 20,000 வெள்ளி வரை கேட்கலாம், 2 வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கிடையாது. கொட்டேஷனையும் அந்த வாட்ஸ்அப் பதிலையும் வைத்து நாங்கள் மனு போட்டிருக்கிறோம்.

இப்போதைக்குப் பழைய கார்பைடையே ஓட்டுகிறோம். சீட் தடிமன் அளவுக்குத்தான் கட்டர் தேய்கிறது என்பதால், ஒரு இடம் மழுங்கியதும் இசட்டை (கட்டரின் உயரத்தை) கொஞ்சம் இறக்கி மேலே இருக்கிற புது விளிம்பில் வெட்டுகிறோம், தூள் உறிஞ்சும் வேக்குவத்தை நிறுத்துவதே இல்லை. ஒரு கட்டரில் முன்பைவிட நிறைய சீட் முடிகிறது.