மஞ்சள் துணியா, அவுரித் துணியா?

மூலிகைச் சாயத் துணி முதல்முறை வாங்குகிறவர்களுக்கு நான் அவுரியைத்தான் சொல்வேன், நீலச் சாயம் தரும் செடி அது. மஞ்சள் பார்க்க அழகு, வீட்டிலேயே கிழங்கை இடித்துக் கொதிக்கவைத்துத் தோய்த்துவிடலாம், ஆனால் வெயிலில் நாலு தடவை காயப்போட்டால் வெளுத்துவிடும், சோப்பின் காரம் பட்டால் சிவந்தும் போகும். கடுக்காயும் படிகாரமும் சேர்த்தால் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான்.

அவுரி வேறு மாதிரி. திண்டிவனம் பக்கம் இன்றும் இலையை ஊறவைத்து நீலக்கட்டி எடுக்கிறார்கள். கட்டி தண்ணீரில் கரையாது, சுண்ணாம்பு சேர்த்துப் புளிக்கவைத்தால் கரையும். அந்தத் தொட்டியில் முக்கி எடுக்கும்போது துணி பச்சையாக இருக்கும், காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும், அதை ஒருமுறையாவது நேரில் பாருங்கள்! முதலில் சாயம் கொஞ்சம் மற்றத் துணிகளில் ஒட்டும், தனியாகத் துவையுங்கள். அப்புறம் வருஷக்கணக்கில் நிற்கும்.

விலை அவுரிக்குத்தான் கூடுதல். பத்துத் தடவை முக்கினால்தான் கருநீலம் வரும் என்றால் கூலி ஏறத்தானே செய்யும்?

உடம்புக்கு? கேரளத்து பாலராமபுரம் நெசவாளர்கள் ஆயுர்வஸ்திரம் என்று மூலிகைத் துணி நெய்கிறார்கள். உடுத்தினாலே நோய் தீரும் என்பதை நான் நம்பவில்லை, தோலுக்கு மருந்து போடுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். கைக்குழந்தைக்கு மட்டும் மஞ்சள் எடுப்பேன், சீக்கிரம் வளர்ந்துவிடும், வெளுத்தாலும் நஷ்டமில்லை.