லடாக் போகிற வண்டிக்கு எந்த டயர்? எச்.டி., ஏ.டி., எம்.டி. மூன்றும் ஒரே பாதையில்

இமாச்சலில் கிராம்ஃபூவிலிருந்து பாதல் போகும் வழியில், சத்ரூவைத் தாண்டி ஒரு ஓடையில் இறங்கி ஏறினேன். இடது பின்சக்கரத்திலிருந்து ‘உஸ்ஸ்’ என்று சத்தம். இறங்கிப் பார்த்தால், ரிம்முக்கு நாலு விரல் தள்ளி டயரின் பக்கவாட்டில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். பிளேடு போட்டுக் கீறியது போல நேர்க்கோடு. விரலால் அகட்டினால் உள்ளே வெள்ளை நூல்கள் அறுந்து பிரிந்து நின்றன. தரையில் படும் பக்கமோ புதுசு போலவே இருந்தது. 9,000 கி.மீ. தான் ஓடியிருந்தது. பார்வைக்கு முரட்டுப் பட்டன்கள் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டிகள்), வெள்ளை எழுத்து, கடையில் வாங்கும்போது எனக்கு அவ்வளவு பெருமை.

எனக்குப் பின்னால் வந்த நண்பரின் வண்டியில் கம்பெனியிலேயே போட்டுக் கொடுத்த சாதாரண எச்.டி., அதாவது நெடுஞ்சாலை டயர். அவருக்கு அந்த 50 கி.மீ. தூரமும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது வண்டியில் சேற்றுக்கென்றே செய்த எம்.டி. டயர். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. பொதுவாகச் சொல்லப்படுகிற தரவரிசைப்படி நடுவில் இருக்க வேண்டிய என் ஏ.டி. டயர்தான் முதலில் போனது. ஊர் திரும்பியதும் கோயம்புத்தூரில் வழக்கமாகப் போகும் டயர் கடை அண்ணன் அதை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏனுங்க, பட்டன் பெருசா இருந்தா கல்லு கிழிக்காதுன்னு யாருங்க சொன்னது? இதுல சைடுவால் ரெண்டு பிளைதானுங்க. காருக்குப் போடற சட்டைய ஜீப்புக்குப் போட்டிருக்கீங்க.”

சைடுவால் என்றால் டயரின் பக்கச்சுவர், பிளை என்றால் அதற்குள் ஓடும் நூல் அடுக்கு. அதற்குப் பிறகுதான் டயர்களை வேறு விதமாகப் பார்க்க ஆரம்பித்தேன். இந்த அலசலும் அந்தக் கோணத்தில்தான்.

முதலில் ஒரு கணக்கு. கோவையிலிருந்து லே வரை பெங்களூரு, நாக்பூர், டெல்லி, மணாலி வழியாகச் சுமார் 3,500 கி.மீ. போய் வந்து, அங்கே சுற்றுவதையும் சேர்த்தால் 8,000 கி.மீ.க்குக் குறையாது. அதில் தார் இல்லாத ரோடு எவ்வளவு? ஸ்பிட்டிப் பக்கம், டார்ச்சா–படும் பக்கம், சுஷூல்–ஹன்லே பக்கம் எல்லாம் போனாலும் 600, 700 கி.மீ. இருக்கலாம். மீதி முழுக்க தார் ரோடு. அதிலும் தெலங்கானா, விதர்பா வெயிலில் 90, 100 கி.மீ. வேகத்தில் பத்து மணி நேர ஓட்டம். ஆக, டயர் இரண்டு வேறு வேறு பரீட்சை எழுத வேண்டும். ஒன்று சூடு, இன்னொன்று கூர்க்கல். ஒன்றில் நூறு வாங்குவது மற்றதில் தோற்கக்கூடும்.

எச்.டி.யை, அதாவது ஹைவே டெரெய்ன் டயரை, நம் ஆட்கள் ரொம்ப மட்டமாகப் பேசுகிறார்கள். அது நியாயமில்லை. இந்த 8,000 கி.மீ.யில் ஏழாயிரத்துக்கு மேல் அதன் ராஜ்யம்தான். எடை குறைவு, சூடாவது குறைவு, மழையில் பிரேக் நன்றாகப் பிடிக்கும், டீசலும் மிச்சம். நண்பர் அந்த ஓடைப் பாதையில் தப்பித்ததற்குக் காரணம் டயர் இல்லை, அவர் ஓட்டிய விதம். கல்லைப் பார்த்தால் நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரை இறக்கி, வழி காட்டச் சொல்லி ஊர்ந்து போனார். ஆனால் மறுநாள் காலை குன்ஸும் கணவாய் ஏற்றத்தில் பனி கரைந்த சேற்றில் அதே டயர் சுழன்றுகொண்டே நின்றது. ட்ரெட், அதாவது தரையில் படும் ரப்பர் வரிகள், புதிதிலேயே எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் ஆழம்தான். வரிகளுக்கிடையே சேறு அடைத்துக்கொண்டால் மொட்டை டயர் கணக்குத்தான். மணாலி–லே நெடுஞ்சாலை மட்டும், ஜூலைக்குப் பிறகு, நான்கு பேர் குடும்பமாகப் போகிறீர்கள் என்றால் நல்ல நிலையில் உள்ள எச்.டி. போதும். அதற்காகப் புது டயருக்குச் செலவழிக்க வேண்டாம்.

எம்.டி. எனப்படும் மட் டெரெய்ன் இதற்கு நேர் எதிர். ட்ரெட் ஆழம் பதினைந்து மில்லிமீட்டரைத் தொடும். பட்டன்கள் பக்கச்சுவர் மேலும் ஏறி நிற்பதால் கல் உரசினாலும் முதலில் அந்தக் கட்டிதான் வாங்கிக்கொள்ளும். பெரும்பாலான எம்.டி.களின் பக்கச்சுவர் மூன்று பிளை. கல்லுக்கு இதைவிட நம்பகமான டயர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எம்.டி. நண்பரின் கதையையும் சொல்ல வேண்டும். போகும்போது நாக்பூருக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. முன்னே போன லாரி திடீரென்று வேகம் குறைத்தது. நான் நின்றுவிட்டேன். எனக்குப் பக்கத்து லேனில் வந்தவர் என்னைத் தாண்டி ஒரு வண்டி நீளத்துக்கும் மேல் வழுக்கிக்கொண்டு போய்த்தான் நின்றார். பெரிய பட்டன்களுக்கு இடையே காலி இடம் அதிகம், ஈரத் தாரில் ஒட்டும் ரப்பர் குறைவு. நுணுக்கமான வெட்டுகளும் குறைவு என்பதால் காலையில் ரோட்டில் கண்ணாடி போலப் படிந்திருக்கும் பனியிலும் இதே கதைதான். அன்று அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். நீண்ட பயணத்தில் நம்பகத்தன்மை என்றால் பஞ்சர் ஆகாமல் இருப்பது மட்டுமா? நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதும்தானே.

இன்னொன்று, எம்.டி. வேகமாகத் தேயும். ஊர் திரும்பியபோது அவர் டயரில் பட்டன்களின் ஓரமெல்லாம் எலி கடித்த தேங்காய் போலச் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது. சரளைக் கல்லில் வேகமாக ஓட்டினால் அப்படித்தான் ஆகும். ஒவ்வொரு டயரும் நாலைந்து கிலோ கூடுதல் எடை. சத்தத்தில் இரண்டாம் நாளே பின்சீட்டில் இருந்தவர்களுக்குத் தலைவலி.

இனி ஏ.டி., ஆல் டெரெய்ன். நான் இன்று சிபாரிசு செய்வது இதைத்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இல்லை, ஏனென்றால் ஏ.டி. என்ற பெயருக்குள் இரண்டு வேறு ஜாதி டயர்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று கார் டயரின் உடம்பில் முரட்டு ட்ரெட் போட்டது. என்னைக் கைவிட்டது அதுதான். இன்னொன்று எல்.டி., அதாவது லைட் ட்ரக் உடம்பு. அளவுக்கு முன்னால் ‘எல்.டி.’ என்று போட்டிருக்கும். ரப்பர் தடிமன் கூடுதல், நிறைய மாடல்களில் பக்கச்சுவர் மூன்று பிளை. பி.எஃப். குட்ரிச் என்ற டயர் கம்பெனி 1976இல் கொண்டுவந்த ஏ.டி. டயர் வரிசைக்கும் பெயர் வாங்கிக் கொடுத்தது இந்த மூன்று பிளை உடம்புதான். கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அதனால் குத்துக்காலிட்டு உட்காருங்கள். போன் டார்ச்சை அடித்து, ரிம்மை ஒட்டிப் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பெரும்பாலான டயர்களில் ‘ட்ரெட்: 2 பாலியெஸ்டர், 2 ஸ்டீல், 1 நைலான்; சைடுவால்: 2 பாலியெஸ்டர்’ என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். சைடுவால் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 2 இருக்கிறதா 3 இருக்கிறதா? அந்த ஒரு எண்ணைத்தான் நான் அன்று படிக்காமல் விட்டேன். அப்படியே நாலு இலக்கத் தேதியையும் பார்த்துவிடுங்கள். 3522 என்றால் 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது.

எல்.டி. உடம்புக்கு ஒரு விலை உண்டு. அதே பாரத்தைத் தாங்க அதற்குக் காற்று அதிகம் வேண்டும். கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துக் காற்றழுத்தம் 32 பி.எஸ்.ஐ. வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் முழு பாரத்தோடு ஓட்டினால், பலமான டயரும் உள்ளே சூடேறும். அதைவிட ஐந்தாறு பி.எஸ்.ஐ.யாவது கூட்ட வேண்டும். டயர் கம்பெனியின் பார அட்டவணையைப் பார்த்து வைத்துக்கொள்வது உத்தமம். வண்டி கொஞ்சம் விறைப்பாகத் தூக்கிப்போடும். எனக்கு டீசல் மைலேஜ் லிட்டருக்கு ஒரு கி.மீ. போல இறங்கியது. பாதலில் அந்தக் கிழிசலைப் பார்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு விலையே இல்லை.

இந்த மூன்றுக்கும் வெளியே நான்காவது ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளின் டயரைக் கவனித்திருக்கிறீர்களா? டியூப் வைத்த, நைலான் பயாஸ் டயர்கள். தினமும் பாறை மேல் ஏறி இறங்குகிறார்கள். பயாஸ் டயரில் ட்ரெட்டுக்கு அடியில் ஓடும் அதே நைலான் அடுக்குகள்தான் பக்கச்சுவரிலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பக்கச்சுவர் தனியாக மெலிந்த இடமாக இருக்காது. ஒரு டிரைவர் என்னிடம், “கிழிஞ்சாலும் உள்ள ஒரு கேட்டர் துண்டு வச்சு டியூப்ப மாத்திட்டு ஓட்டிடுவோம் சார், உங்க ட்யூப்லெஸ்ஸுக்கு அந்த வசதி உண்டா?” என்று கேட்டார். பழைய டயரிலிருந்து வெட்டியெடுத்து உள்பக்கம் கொடுக்கும் அண்டைத் துண்டைத்தான் கேட்டர் என்கிறார்கள். பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அதே டயரில் கோவையிலிருந்து நாக்பூர் வரை போக முடியாது. சூடு தாங்காது, ஸ்டீயரிங்கும் நேராக நிற்காது. பன்னிரண்டு கி.மீ. மலைக்கு அது ராஜா. எண்ணாயிரம் கி.மீ.க்கு இன்றைய கார்களில் வரும் ரேடியல் டயர்தான்.

டயர் வகையைவிடக் குறைவாகப் பேசப்படுவது ரிம் அளவு. 2020இல் வந்த மஹிந்திரா தார் ஜீப் இரண்டு டயர் அளவில் வந்தது: 245/75 ஆர்16, 255/65 ஆர்18. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் அதில் எத்தனை சதவீதம் பக்கச்சுவர் உயரம் என்பது, கடைசி எண் ரிம் இன்ச். கணக்குப் போட்டால் முதலாவதன் பக்கச்சுவர் உயரம் சுமார் 184 மி.மீ., இரண்டாவதற்கு 166 மி.மீ. ஒரு விரல் அகலம்தான் வித்தியாசம். ஆனால் குழியில் இறங்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டயர் நசுங்காமல் இருப்பதற்கு அந்த ஒரு விரல் போதும். காற்றைக் குறைத்து ஓட்டவும் 16 இன்ச் தாராளமாக இடம் கொடுக்கும். ரிம் வளைந்தாலும் இரும்பு ரிம்மைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி ஊர் போய்ச் சேரலாம், அலாய் வெடித்தால் அவ்வளவுதான். பார்வைக்கு 18 அழகு. நான் 16 இரும்பு ரிம்முக்கு மாறிவிட்டேன்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் எந்த டயரையும் ஒப்பிட முடியாது. மணாலியிலிருந்து தங்லாங் லா (5,328 மீட்டர்) ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மட்டும் கேஜில் கிட்டத்தட்ட 4 பி.எஸ்.ஐ. கூடிக் காட்டும். குளிர் அதில் கொஞ்சத்தைக் குறைக்கும். மேலே நின்று ‘கூடிப்போச்சே’ என்று இறக்கிவிட்டு, பிறகு மணாலிக்கு வந்து அப்படியே நெடுஞ்சாலையில் பறந்தால், குறைந்த காற்றில் பறக்கிறோம் என்று பொருள். கம்ப்ரஸர் இல்லாமல் காற்றை இறக்கவே கூடாது. சுஷூல் பக்கத்து அலை அலையான மண்ரோட்டில் நான் 22 வரை இறக்குவேன். வண்டியும் உடம்பும் தப்பிக்கும், சிறு கற்களை டயர் விழுங்கிக்கொண்டு போகும். ஆனால் கூர்மையான பாறை கிடக்கும் ஓடையில் இறக்க மாட்டேன். காற்று குறைந்தால் பக்கச்சுவர் பிதுங்கி வெளியே வரும், கல்லுக்கு அதைத்தான் நீட்டுகிறோம். ஈர ரப்பர் காய்ந்த ரப்பரைவிட லேசாக அறுபடும் என்பதும் நினைவிருக்கட்டும். மதியத்துக்கு மேல் பனி உருகி ஓடையில் தண்ணீர் ஏறிவிடும், கல் கண்ணுக்கே தெரியாது. காலையிலேயே கடந்துவிடுவது நல்லது.

கடைசியாக ஸ்டெப்னி. காற்றழுத்தம் காட்டும் கருவியும் ட்யூப்லெஸ் ரிப்பேர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி வைக்காமலே வண்டி விற்கலாம் என்று 2020இல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. நகரத்துக்கு அது சரி. ஆனால் ரிப்பேர் கிட்டில் உள்ள ரப்பர் திரி ட்ரெட்டில் ஏறிய ஆணிக்குத்தான், பக்கச்சுவர்க் கிழிசலில் நிற்காது. அன்று நான் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, அடுத்த கல்லுக்கு மாற்று இல்லாமல், ஸ்பிட்டியில் இருக்கும் காஸா ஊர் வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். மூவரின் டயர் அளவும் வேறு வேறு, ஒருவர் ஸ்டெப்னி இன்னொருவருக்கு உதவாது. அடுத்த முறை கூட்டாகப் போகிறவர்கள் முடிந்தால் ஒரே அளவில் வாருங்கள். இல்லையென்றால் மேல் கேரியரில் இரண்டாவது ஸ்டெப்னி. எம்.டி.க்கும் எல்.டி. ஏ.டி.க்கும் உள்ள விலை வித்தியாசத்தை நான் அதில்தான் போட்டேன்.

இப்போது என் வண்டியில் ஓடுவது மூன்று பிளை ஏ.டி., 16 இன்ச். போன வருடம் அதே பாதையில் போனேன். மாலையில் காஸாவில் வண்டியை நிறுத்தியதும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு நான்கு டயரையும் சுற்றி வந்து, பட்டன்களுக்கிடையே சிக்கிய கற்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். விட்டால் அவை ஓட ஓட உள்ளே துளைத்துக்கொண்டு போகும். முப்பத்தொரு கற்கள். பக்கச்சுவரில் இரண்டு இடத்தில் நீளமான கீறல், நகத்தால் தடவினேன். ரப்பரோடு நின்றிருந்தது, நூலைத் தொடவில்லை.