சர்க்கரையா, கொழுப்பா: செல்லுக்கு எது நல்ல எரிபொருள்?

செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு ஏடிபி. அதன் கணக்கை மட்டும் பார்த்தால் கொழுப்புக்கே வெற்றி. குளுக்கோஸ் என்ற சர்க்கரையின் ஒரு மூலக்கூறு ஆக்சிஜனோடு முழுதாகச் சிதைந்தால் 30 முதல் 32 ஏடிபி கிடைக்கும். (பழைய புத்தகங்களில் 36, 38 என்று இருக்கும்.) பால்மிடிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் தருவது 106. ஆனால் இந்த ஒப்பீடு நியாயமே இல்லை. முன்னதில் 6 கார்பன், பின்னதில் 16.

சரி, எடைக்கு எடை பார்ப்போம். சர்க்கரை கிராமுக்கு 4 கிலோகலோரி, கொழுப்பு 9. போதாததற்கு, சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமித்தால் கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். அதனால் நம் உடலில் கிளைக்கோஜன் அரை கிலோ அளவில்தான் இருக்கிறது, கொழுப்போ கிலோக்கணக்கில். 2022இல் ஒரு பட்டைவால் மூக்கன் பறவை அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 11 நாள் எங்கும் இறங்காமல் சுமார் 13,500 கிலோமீட்டர் பறந்தது. கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு கிளம்பாமல் அது நடக்கவே நடக்காது.

என்னைக் கேட்டால், பார்க்க வேண்டிய கணக்கு ஆக்சிஜன்தான். குளுக்கோஸுக்கு 6 ஆக்சிஜன் மூலக்கூறு, பால்மிடிக் அமிலத்துக்கு 23. வகுத்துப் பாருங்கள்: ஒரு ஆக்சிஜனுக்குச் சர்க்கரை 5 முதல் 5.3 ஏடிபி, கொழுப்பு 4.6.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம், செல்லுக்குள் ஏடிபி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. எரிபொருளிலிருந்து எடுத்த எலக்ட்ரான்கள் அங்கே ஒரு சங்கிலிபோல் அமைந்த புரதங்கள் வழியாக ஆக்சிஜனைச் சென்றடைகின்றன, அந்த ஓட்டத்தில்தான் ஏடிபி உருவாகிறது. எலக்ட்ரான்களை அந்தச் சங்கிலிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் மூலக்கூறுகள் இரண்டு: என்ஏடிஎச், எஃப்ஏடிஎச்2. முதலாவது சங்கிலியின் தொடக்கத்திலேயே ஒப்படைப்பதால் சுமார் 2.5 ஏடிபி தேறும். இரண்டாவது நடுவில் வந்து சேர்வதால் 1.5தான். செலவாகும் ஆக்சிஜன் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. குளுக்கோஸில் இவை 10க்கு 2 என்று வருகின்றன. பால்மிடிக் அமிலத்தில் 31க்கு 15. குறைவாகத் தரும் வகை கொழுப்பில்தான் அதிகம்.

வேகமாக ஓடும்போது தசை சர்க்கரையை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதோடு, கொழுப்பைச் சிதைக்கும் வேகமும் குறைவு. மாரத்தானில் 30 கிலோமீட்டர் தாண்டியதும் பலருக்குக் கால் கனத்துப்போகிறதே, அப்போதும் உடலில் கொழுப்பு ஏராளமாக இருக்கும், தீர்ந்துகொண்டிருப்பது கிளைக்கோஜன். ஆக்சிஜன் போதாத நொடிகளில் குளுக்கோஸ் லாக்டேட்டாக மாறி 2 ஏடிபியாவது தரும். கொழுப்பால் அதுகூட முடியாது.

இருந்தாலும் இதயம் ஓய்வு நேரத்தில் பெரும்பாலும் கொழுப்பு அமிலத்தில்தான் ஓடுகிறது. மூளை குளுக்கோஸைக் கேட்கும். பட்டினி நீண்டால், கல்லீரல் கொழுப்பிலிருந்து செய்துதரும் கீட்டோன்களை ஏற்றுக்கொள்ளும். சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது, அதற்குக் குளுக்கோஸ் மட்டும்தான்.