விலை உறையா, மதிப்பெண் தாளா? கலிபோர்னியக் கவுண்டிகள் வேலை கொடுக்கும் மூன்று வழிகள்

பிற்பகல் இரண்டு மணி கெடு. முகப்பு மேசையில் இருந்த நேர முத்திரை இயந்திரம் அந்த உறையின் மேல் 2:01 என்று அடித்தது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி அதைப் பார்த்தார், கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்தார், பிரிக்காமலேயே அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கெடு தாண்டி வந்த ஒப்பந்தப்புள்ளியைப் பிரிக்காமல் திருப்பித் தர வேண்டும் என்பது கலிபோர்னியச் சட்டம். அதிகாரி இரங்கவும் முடியாது, இரங்கியதாகக் காட்டிக்கொள்ளவும் முடியாது.

சிறு நிறுவனங்களுக்கு டெண்டர் காகிதம் தயாரித்துக் கொடுப்பது என் பிழைப்பு. அந்த அறையில் உட்கார்ந்திருந்த எனக்கு, இவ்வளவு கறாரான முறையை விட்டுவிட்டு வேறு வழிகளைக் கவுண்டிகள் ஏன் தேடுகின்றன என்று தோன்றியது. பதில் தெரிந்துகொள்ளச் சில தோல்விகள் தேவைப்பட்டன.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கவுண்டியை மாவட்டம் என்று எழுதினால் உடனே கலெக்டர் வந்து உட்கார்ந்துவிடுவார். இங்கே அப்படி ஒருவர் இல்லை. வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த மேற்பார்வையாளர் குழுவே அரசு. சாலை, சிறை, நூலகம், தேர்தல், ஏழைகளுக்கான மருத்துவம் எல்லாம் அதன் தலையில். கலிபோர்னியாவில் 58 கவுண்டிகள். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வாழும் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக்கும் ஐந்து மேற்பார்வையாளர்கள்தான், சுமார் 1,200 பேர் வாழும் ஆல்பைன் கவுண்டிக்கும் ஐந்து மேற்பார்வையாளர்கள்தான். (லாஸ் ஏஞ்சலஸில் இதை ஒன்பதாக உயர்த்த 2024 நவம்பரில் வாக்காளர்கள் சம்மதித்துவிட்டார்கள்.) பணம் கைமாறும் பெரிய ஒப்பந்தங்கள் கடைசியில் இந்தக் குழுவின் மேசைக்கு வந்தாக வேண்டும்.

இனி வழிகள். முதலாவது, மூடி முத்திரையிட்ட விலைப்புள்ளி. என்ன வேலை, எந்த அளவு, எந்தத் தரம் என்பதையெல்லாம் கவுண்டியே எழுதிவிடும். நாம் எழுத வேண்டியது ஒரே ஒரு தொகை. கட்டுமான வேலைகளுக்குப் பெரும்பாலும் சட்டம் விதிப்பது இதைத்தான். பொறுப்பாக வேலை செய்யக்கூடியவர்களில் யார் குறைந்த விலை சொன்னாரோ அவருக்கே வேலை. குழுவுக்கு அவரைப் பிடிக்கவில்லை என்றால் எல்லாப் புள்ளிகளையும் நிராகரித்துவிட்டு மறுபடி அழைக்கலாம். இரண்டாமவர் நல்லவராகத் தெரிகிறார் என்று அவருக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது.

கேட்பதற்கு எளிது, காகிதத்தில் அப்படி இல்லை. 8 லட்சம் டாலருக்குக் கட்டட வேலை கேட்டால் 10 சதவீதம், அதாவது 80,000 டாலருக்குப் பிணை கூடவே போக வேண்டும். மொத்தத் தொகையில் அரை சதவீதத்துக்கு மேல் வேலை செய்யப்போகும் ஒவ்வொரு துணை ஒப்பந்ததாரரின் பெயரையும் அன்றே எழுதிவிட வேண்டும். இந்த உதாரணத்தில் அது 4,000 டாலர். ஓர் அறைக்குப் பூச்சு வேலை. பெயர் எழுத மறந்தால் அந்த வேலையை நாமே செய்ய ஒப்புக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். கூட்டலில் ஒரு பூஜ்யம் விழுந்துவிட்டது என்றால், உறை பிரித்த ஐந்து வேலை நாட்களுக்குள் எழுத்துமூலம் சொல்ல வேண்டும். அதுவும் கைத்தவறுக்கு மட்டும். வரைபடத்தைச் சரியாகப் பார்க்கவில்லை, இடத்தைப் போய்ப் பார்க்கவில்லை என்பதெல்லாம் எடுபடாது. மன்னிப்புக் கிடைத்தாலும் அந்த வேலைக்கு மறுபடி விலை சொல்லும் உரிமை போய்விடும்.

இத்தனை கறாரும் கெடுவுக்குப் பிறகுதான். அதற்கு முன்னால், நிபந்தனைகளை எழுதும் இடத்தில், கறார் இல்லை. கட்டுமானப் பொருளுக்கு ஒரு நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிட்டால் ‘அல்லது அதற்கு ஈடானது’ என்று சேர்க்க வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் பெயரைச் சொல்லாமலே அளவுகளைக் கொண்டு ஒருவரை மட்டும் சுட்டிவிடலாம். ஒரு கதவின் கீல் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்தே இது யாருடைய விலைப்பட்டியலில் இருந்து வந்தது என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்தத் திருகல் எந்த உறையிலும் அகப்படாது.

இரண்டாவது வழி, முன்மொழிவு கோருதல். வேலையை முழுதாக எழுத முடியாத இடத்தில் இது வருகிறது. வீடற்றவர்களுக்கான ஆலோசனைச் சேவை, மென்பொருள், சிறைக் கைதிகளுக்கான மருத்துவம். ‘எங்கள் சிக்கல் இது, எப்படித் தீர்ப்பீர்கள்?’ என்று கவுண்டி கேட்கிறது. பதில்களுக்கு ஒரு மதிப்பீட்டுக் குழு மதிப்பெண் போடுகிறது. விலையும் அதில் ஒரு பாடம், அவ்வளவுதான்.

அந்தப் பாடத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஒரு கணக்கு. விலைக்கு 30, தரத்துக்கு 70 என்று வைத்துக்கொள்வோம். முதல் நிறுவனம் 6 லட்சம் டாலர் கேட்கிறது, இரண்டாவது 7.5 லட்சம். வழக்கமான வாய்ப்பாடு, மிகக் குறைந்த விலையை நம் விலையால் வகுத்து முழு மதிப்பெண்ணால் பெருக்குவது. முதலாவதுக்கு 30, இரண்டாவதுக்கு 24. தரத்தில் முதலாவது 52, இரண்டாவது 60. ஆக 82-க்கு 84. ஒன்றரை லட்சம் டாலர் கூடுதலாகக் கேட்டவர் இரண்டு மதிப்பெண்ணில் ஜெயிக்கிறார். இதையே விலைக்கு 50, தரத்துக்கு 50 என்று மாற்றிப் போடுங்கள், தர மதிப்பெண்களையும் அதே விகிதத்தில் சுருக்குங்கள். 87.1-க்கு 82.9, முதலாவது ஜெயித்துவிடும். முன்மொழிவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதனால் கோரிக்கை ஆவணம் கைக்கு வந்ததும் நான் முதலில் புரட்டுவது மதிப்பெண் அட்டவணையைத்தான். வேலை விவரத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

ஒரு முறை 3 மதிப்பெண்ணில் தோற்றோம். எந்தக் கவுண்டி என்பது வேண்டாம். மதிப்பீட்டுத் தாள்களைப் பொது ஆவணச் சட்டத்தின்படி கேட்டு வாங்கினேன். இரண்டு பேர் பத்தி பத்தியாக எழுதியிருந்தார்கள். மூன்றாமவர் எங்களுக்கு எல்லாக் கட்டத்திலும் 7, ஜெயித்தவருக்கு எல்லாக் கட்டத்திலும் 8, ஒரு வார்த்தைகூடக் குறிப்பு இல்லை. கோபம் வந்தது, உண்மைதான். ஆனால் அந்த 7-ஐ என் கண்ணால் பார்க்க முடிந்தது. கீலின் மில்லிமீட்டரை எழுதியவரை இதுவரை எனக்குத் தெரியாது. விலைப்புள்ளிதான் சுத்தம், முன்மொழிவு என்றாலே வேண்டியவர்களுக்குக் கொடுப்பது என்று எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் நம்புவதை விட்டுவிட்டேன். முதல் முறையில் திருகல் அறிவிப்புக்கு முன்னால் நடக்கிறது, இரண்டாவதில் கெடுவுக்குப் பின்னால். பின்னால் நடப்பது காகிதத்தில் தங்குகிறது.

தங்கினாலும் கைக்கு வர நேரம் பிடிக்கும். விலைப்புள்ளியில் உறை பிரித்த நிமிடத்தில் எல்லார் தொகையும் உரக்கப் படிக்கப்படும். முன்மொழிவில், தேர்வானவரோடு கவுண்டி பேசும் பேரம் முடியும்வரை மற்றவர்களின் தாள்களைக் கவுண்டி காட்ட வேண்டியதில்லை. போட்டியாளர் எழுதியதைப் பார்த்தால் பேரத்தில் அரசின் கை தாழ்ந்துவிடும் என்று கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 2006-இல், வான் நைஸ் விமான நிலையக் குத்தகை தொடர்பான வழக்கில், சொல்லிவிட்டது. நியாயம்தான். ஆனால் தோற்றவர் எதிர்ப்புச் சொல்ல மிஞ்சும் அவகாசம் சில நாட்கள்.

மூன்றாவது வழியைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கட்டட வரைவாளர், பொறியாளர், நில அளவையாளர் போன்றோரை விலை கேட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. தகுதியைப் பார்த்து வரிசைப்படுத்தி, முதலாமவரோடு மட்டும் கட்டணம் பேசுவார்கள். ஒத்துவராவிட்டால் அந்தப் பேச்சை முடித்துவிட்டு இரண்டாமவர். அமெரிக்க மத்திய அரசுக்கு 1972-இல் வந்த புரூக்ஸ் சட்டத்தின் வழியில் வந்த முறை இது. வரைபடத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கட்டடம் திருப்பி வாங்கிக்கொள்ளும் என்பதால் எனக்கு இதில் சண்டை இல்லை. புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் ‘இதற்கு முன் செய்த ஐந்து பாலங்கள்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவார்கள் என்பது மட்டும் உறுத்தல்.

மூன்று வழியும் சேரும் இடம் மேற்பார்வையாளர் குழுவின் கூட்டம். 1953-இல் வந்த பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே ஒட்ட வேண்டும், பொதுமக்கள் பேச இடம் தர வேண்டும், பெரும்பான்மை உறுப்பினர்கள் வெளியே தொலைபேசியில் ஒருவர் பின் ஒருவராகப் பேசி முடிவெடுக்கக் கூடாது. நல்ல சட்டம். நடைமுறையில் ஒப்பந்தங்கள் ‘ஒப்புதல் பட்டியல்’ என்ற மூட்டையில் வரும். முப்பது நாற்பது தீர்மானங்களுக்கு ஒரே வாக்கெடுப்பு. நம்முடையது 27-ஆவது என்றால், பேசுவோர் சீட்டில் அந்த எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, பெயர் கூப்பிட்டதும் பேச வேண்டியதைப் பேசிவிட வேண்டும். விலைப்புள்ளிக்கு அங்கே பேசிப் பெரிதாகப் பயன் இல்லை. கணக்கு முடிந்துவிட்டது. முன்மொழிவுக்கு உண்டு, அதிகாரிகளின் பரிந்துரையை ஏற்க வேண்டிய கட்டாயம் குழுவுக்கு இல்லை. ஒரு மேற்பார்வையாளர் அந்தத் தீர்மானத்தை மூட்டையிலிருந்து தனியே எடுக்கச் சொன்னால் போதும்.

அந்த 3 மதிப்பெண் தோல்விக்காக நான் பேசினேன். யாரும் தனியே எடுக்கவில்லை. நீதிமன்றம் போகலாமா என்று தோற்ற நிறுவனத்தின் முதலாளி கேட்டார். சட்டத்தை மீறி ஒதுக்கப்பட்ட, குறைந்த விலை சொன்ன ஒப்பந்ததாரருக்குக்கூட இழந்த லாபம் கிடையாது, புள்ளி தயாரித்த செலவு மட்டுமே கிடைக்கலாம் என்று 2000-இல் அதே உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக் காட்டினேன். அவர் ஒரு காகிதத்தை எடுத்துத் தயாரிப்புச் செலவை எழுத ஆரம்பித்தார். ஐந்து பிரதி அச்சு, பைண்டிங், தபால். அதற்கு மேல் ஆறு வார இரவுகள். இரவுகளுக்கு ரசீது இருக்கிறதா என்று என்னைக் கேட்டார்.