மாத்திரையா, முருங்கைக்கீரையா, சுவரொட்டியா?

நாலாம் மாதத்திலிருந்தே பச்சரிசியை அள்ளி அள்ளிக் கொறித்துக்கொண்டிருந்தேன். மசக்கை என்று வீட்டில் சிரித்தார்கள். உடம்பில் இரும்புச் சத்து குறைந்தாலும் அரிசி, சாம்பல், சிலேட்டுக் குச்சி மேல் இப்படி ஆசை வரும் என்பது ஐந்தாம் மாதம் ரத்தம் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஹீமோகுளோபின் 9.2. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான்.

திருமங்கலம் பக்கம் எங்கள் ஊர். வீடு வந்து சேர்வதற்குள் வைத்தியம் மூன்றாகிவிட்டது. நர்சம்மா சொன்னது சிவப்பு இரும்புச் சத்து மாத்திரை, அத்தை சொன்னது முருங்கைக்கீரை, மேலூர்ப் பெரியம்மா சொன்னது சுவரொட்டி, அதாவது ஆட்டின் மண்ணீரல். நான் மூன்றையும் சாப்பிட்டேன்.

கீரையிலிருந்து தொடங்குகிறேன், காசு செலவில்லை. கொல்லையில் ஒரு கிளை ஒடித்து, மடியில் போட்டு உருவினால் ஒரு முறம் நிறையும். வதக்கினால் அதுவே ஒரு கைப்பிடி. பச்சை இலை 100 கிராமில் இரும்பு நாலரை மில்லிகிராம் போலத்தான் இருக்கும். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குத் தேவை 27. கீரையில் இருப்பதிலும் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். கேள்விப்படுகிற பெரிய பெரிய எண்கள் காய்ந்த பொடிக்கானவை, அதை யாரும் ஸ்பூன் கணக்குக்கு மேல் சாப்பிடுவதில்லை. அதற்காகக் கீரையை விட்டுவிடாதீர்கள். மாத்திரையால் வரும் மலச்சிக்கலுக்கு அதுதான் துணை. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்பும் கூடுதலாக ஒட்டும். பீட்ரூட்டுக்கும் மாதுளைக்கும் இருக்கிற பேர் நிறத்தால் வந்தது. பேரீச்சை ருசிக்கு.

சுவரொட்டி விஷயத்தில் பெரியம்மா சொன்னதை நான் லேசாக நினைத்தது தப்பு. 100 கிராமில் 40 மில்லிகிராமை ஒட்டி இரும்பு. மாமிசத்தில் இருக்கும் இரும்பு கீரையில் இருப்பதைவிட நன்றாக உடம்பில் சேரும். சிக்கல் என்னவென்றால் ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் கிடைக்கும். சனிக்கிழமையே கறிக்கடையில் சொல்லி வைத்தால்தான் ஞாயிற்றுக்கிழமை நமக்கு. தணலில் வாட்டுவார்கள், வெளியே கருகி உள்ளே ரத்தமாக இருந்தால் கர்ப்பிணி தொடவே கூடாது. நான் துண்டு போட்டு, வேகவைத்து, அப்புறம்தான் மிளகு போட்டு வறுத்தேன். ஈரலை இதோடு சேர்த்துவிடாதீர்கள். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், முக்கியமாக முதல் மூன்று மாதம் தவிர்ப்பது நல்லது.

சரி, மாத்திரை. ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். ரத்தசோகை வராமல் இருக்க நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். வந்துவிட்டால் எத்தனை என்பதை டாக்டர் சொல்வார். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஆனால் வாயில் துரு வாசனை, குமட்டல், மலம் கறுப்பாகப் போவது எல்லாம் உண்டு. கறுப்பைப் பார்த்துப் பயந்து நான்கு மாத்திரையைத் தென்னை மரத்தடியில் புதைத்தவள் நான். பயப்பட ஒன்றுமில்லை, உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்புதான் அது. என் இன்னொரு கூத்து, முதல் இரண்டு வாரம் மாத்திரையை டீயோடு முழுங்கியது. டீ, காபி இரும்பைச் சேரவிடாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையையும் கூடவே போடக் கூடாது. ஒன்று காலையில் என்றால் இன்னொன்று ராத்திரி. இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் எலுமிச்சைத் தண்ணீரோடு போட ஆரம்பித்ததும் எனக்குக் குமட்டல் பாதியானது.

மாத்திரை ஒத்துக்கொள்ளவே இல்லை, அல்லது மாதம் ஏறியும் ரத்தம் ஏறவில்லை என்றால் நரம்பில் இரும்புச் சத்து ஏற்றுவார்கள். முதல் மூன்று மாதம் போடமாட்டார்கள். ஒவ்வாமை வரலாம் என்பதால் ஆஸ்பத்திரியில்தான் ஏற்ற வேண்டும். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இருந்தால் கீரை, சுவரொட்டிப் பேச்சே கிடையாது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

என் கணக்கில் மாத்திரைதான் முதல். கறி சாப்பிடுகிறவர்களுக்கு வாரம் ஒரு சுவரொட்டி அடுத்தது, அதன் பின்னால் கீரை. அத்தையிடம் இந்த வரிசையைச் சொல்லவில்லை.

எட்டாம் மாதம் 10.8. எல்லாம் கீரையால்தான் என்றார் அத்தை. பெரியம்மா போனில் சுவரொட்டியை ஞாபகப்படுத்தினார். நர்சம்மா ஒன்றும் சொல்லாமல் காலி மாத்திரை அட்டைகளைக் கேட்டு வாங்கி எண்ணினார். நான்கு குறையும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.