விம்மிலிருந்து ஆர் மொழிக்கு: விம்-ஸ்லைமும் டிமக்ஸும் நெடுநாள் பயன்பாட்டில்

டிமக்ஸ் (tmux) என்பது டெர்மினலைப் பல பகுதிகளாகப் பிரித்துத் தரும் கருவி. அதில் திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் விம் (Vim) எடிட்டர், மறுபக்கம் புள்ளியியல் மொழியான ஆர் (R). விம்மில் எழுதும் கோடை ஆருக்கு அனுப்பி, இரண்டுக்கும் நடுவே தூது போவது விம்-ஸ்லைம் (vim-slime) என்ற விம் செருகுநிரல். சர்வரில் வேலை செய்பவர்களுக்கு இதையே முதலில் பரிந்துரைப்பேன். சர்வரோடு நம்மை இணைக்கும் எஸ்எஸ்எச் (SSH) இணைப்பு அறுந்தாலும் டிமக்ஸுக்குள் ஆர் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஸ்லைம் இயல்பாக, டிமக்ஸைப் போன்ற இன்னொரு கருவியான ஸ்கிரீனைத்தான் (GNU Screen) தேடும். விம்மின் அமைப்புக் கோப்பான விம்ஆர்சியில் (vimrc) இலக்கை டிமக்ஸ் என்று மாற்ற வேண்டும் (g:slime_target). முதல்முறை அனுப்பும்போது எந்தப் பேன் (திரையின் பிரிந்த பகுதி) என்று கேட்கும். எண்கள் 0-இல் தொடங்குவதால் :0.1 என்பது முதல் விண்டோவின் இரண்டாவது பேன். தவறாகக் கொடுத்துவிட்டால் விம்மில் கண்ட்ரோல்-சி, அடுத்து வி அழுத்தி மாற்றலாம். கோட் அனுப்ப, கண்ட்ரோல்-சி இருமுறை.

ஸ்லைம் அனுப்புவது வெறும் எழுத்து. யாரோ டைப் செய்வதாகவே ஆர் அதை வாங்கிக்கொள்ளும். தொல்லைகள் பெரும்பாலும் இதில்தான் பிறக்கின்றன. டேப் வைத்து உள்தள்ளிய கோடை அனுப்பினால், ஆர் அந்த டேப்பை 'பெயரை நிரப்பு' என்று எடுத்துக்கொண்டு பட்டியலைக் கொட்டும். பின்னால் வரும் எழுத்துகள் சிதறும். வருவது டைப் செய்ததல்ல, ஒட்டிய எழுத்து என்று ஆருக்குச் சொல்லும் பிராக்கெட்டட் பேஸ்ட் அமைப்பை (g:slime_bracketed_paste) விம்ஆர்சியில் 1 ஆக்குங்கள், அல்லது டேப்புக்குப் பதில் ஸ்பேஸ் வையுங்கள். இரண்டையும் செய்வது நல்லது.

எதையும் தேர்ந்தெடுக்காமல் அனுப்பினால் வெற்று வரிகளுக்கு இடைப்பட்ட பத்தி மட்டுமே போகும். ஃபங்ஷனுக்குள் ஒரு வெற்று வரி இருந்தால் பாதிதான் சேரும். ஆர் + குறியோடு மீதிக்குக் காத்திருக்கும். ஆர் பேனில் கண்ட்ரோல்-சி அடித்து வெளியே வந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். ஃபங்ஷன் போன்ற அடைப்புக்குள் இல்லாத இடத்தில் 'எல்ஸ்' (else) தனி வரியில் தொடங்கினாலும் பிழைதான், அதை } இருக்கும் வரியிலேயே எழுத வேண்டும். ஒரு படியின் விடையை அடுத்த படிக்குக் கடத்தும் |> குறியும் வரியின் கடைசியில் வரட்டும், அடுத்த வரியின் தொடக்கத்தில் வேண்டாம்.

ஆர் மூடிக் கிடப்பதைக் கவனிக்காமல் அனுப்பினால் கோட், அந்தப் பேனில் கட்டளைகளை ஏற்கும் ஷெல்லுக்குப் போய்விடும். x > 5 என்ற வரி அங்கே 5 என்ற பெயரில் வெற்றுக் கோப்பை உருவாக்கும். அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் அதன் உள்ளடக்கம் அழியும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது வேறு. நடுவில் ஒரு வரி பிழையானாலும் அடுத்த வரிகள் நிற்காமல் ஓடும். தரவை வடிகட்டும் வரி தோற்றிருக்கும். கீழே உள்ள மாடல் நினைவகத்தில் கிடக்கும் பழைய தரவை எடுத்துக்கொண்டு அமைதியாக விடை சொல்லும். பிழைச்செய்தி மேலே உருண்டு மறைந்திருக்கும், விடை மட்டும் கண்ணில் படும். அதனால் நீளமான துண்டுகளை, கோப்பை முழுதாக ஓட்டும் ஆரின் சோர்ஸ் (source) ஃபங்ஷன் மூலம் ஓட்டுவதே மேல், முதல் பிழையிலேயே அது நின்றுவிடும். கட்டளைகளைத் திரையில் காட்டும் எக்கோவை (echo) இயக்கினால், நீளமான கட்டளைகள் திரையில் மட்டும் 150 எழுத்தோடு வெட்டுப்படும், மேக்ஸ்.டீபார்ஸ்.லெங்த்தை (max.deparse.length) முடிவிலியாக (Inf) வையுங்கள். அறிக்கைக்குப் போகும் எண்களை மட்டும், டெர்மினலிலிருந்து ஆர் கோப்பை ஓட்டும் ஆர்ஸ்கிரிப்டைப் (Rscript) புதிதாகத் தொடங்கி, அதில் கோப்பை முதல் வரியிலிருந்து ஓட்டியே எடுங்கள்.